குடைமாயன் எடுக்காத ஓலை

முடிச்சூர் மொஹ்சினைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. இப்படிச் சொன்னேன் என்று தெரிந்தாலும் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்தால் எதிராளி பதிலுக்கு என்ன செய்வானோ என்று அதற்கும் பயம்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவனுக்கு இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை. மற்ற கடைக்காரர்கள் வாட்டேஜைச் சொல்லி விற்பார்கள். மொஹ்சின் மட்டும், "திடீர்னு கரண்ட் போயி, வீட்ல வயசானவங்க பாத்ரூம்ல இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்பான். கேட்கும்போதே அவன் முகம் வெளுத்துப் போகும். அதைப் பார்த்து, ஒரு பேட்டரி வாங்க வந்தவர் இரண்டாக வாங்கிப் போவார். வியாபாரத் தந்திரம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். தந்திரமாவது மண்ணாவது! அவனுக்கு உண்மையாகவே அந்தப் பாத்ரூம் கண்ணில் தெரியும்.

வெயில் காலத்திலும் குடை எடுத்துப் போவான். லிஃப்டில் ஏறமாட்டான். தெருவில் மழைநீர்க் கால்வாய்க்கு மேல் போட்ட சிமென்ட் பலகைகளில் எது எது காணாமல் போயிருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பான், தெருவில் போகிற வருகிறவர்களையும் சுற்ற வைப்பான். "பாய் வந்துட்டாரு, ஓரமா போங்கப்பா" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு இடத்தில் தைரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஆடுகிற ஆட்டத்தில்.

அது சீட்டாட்டம் இல்லை, கேரமும் இல்லை. அவன் மனைவி ஆஃபியாவின் அண்ணன் உஸ்மான்தான் ஆட்டத்தை நடத்துகிறவன், மாஸ்டர் என்பார்கள். சேலையூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனுஷன், அந்த மேசையில் உட்கார்ந்தால் வாய் வழியாகவே கோட்டை கட்டுவான், குகை தோண்டுவான், பூதத்தை இறக்குவான். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, "நான் இதைச் செய்றேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை டைஸ் உருட்டிப் பார்ப்பார்கள். அந்த மேசையில் இரண்டே சட்டம். வாயால் சொன்னது நடந்ததுதான், வாபஸ் கிடையாது. செத்தால் செத்ததுதான், அழுது புரண்டாலும் திரும்ப வராது.

மொஹ்சினின் ஆள் ஒரு மந்திரவாதி. குடையே மந்திரக்கோல் என்பதால் குடைமாயன் என்று பெயர். மந்திரவாதிகளுக்கு மந்திரம் உண்டே தவிர உடம்பு கிடையாது. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுவார்கள். ஆனால் மொஹ்சின் விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். குடைமாயனை ஒரே ஒரு படி மட்டும் பூசாரியாகப் படிக்க வைத்தான். ஏனென்றால் பூசாரிகள் இரும்புக் கவசம் போடலாம், மந்திரவாதிகள் போடக்கூடாது. அடி விழுகிற நொடியில் குறுக்கே விழுகிற கேடய மந்திரம், இருந்த இடத்திலிருந்து மறைந்து முப்பது அடி தள்ளித் தோன்றுகிற மந்திரம், தூங்கும்போது காவல் காக்கிற மந்திரம் என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தான். வரிசையாக நடக்கும்போது குடைமாயன் எப்போதும் கடைசி ஆள். ஆறு வருஷமாக ஆடுகிற ஆட்டத்தில் ஒரு கீறல்கூட விழாத ஒரே ஆளும் அவன்தான்.

அவனிடம் ஒரு ஓலையும் இருந்தது. கைகோர்ப்பு ஓலை. அதைப் படித்தால், அந்த நேரத்தில் கைகோர்த்து நிற்கிற எல்லோரும் எந்த ஆபத்திலிருந்தும் தப்பிப் பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம். ஒரே தடவைதான், படித்ததும் சாம்பலாகிவிடும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து எந்தச் சண்டை வந்தாலும் உஸ்மான் ஓலையை எடுக்கச் சொல்வான். "இப்ப வேணாம். இதவிடப் பெருசு வரும்" என்பான் மொஹ்சின்.

"அதக் கட்டிக்கினு கபர்ஸ்தானுக்கா போவ மச்சான்?" என்பான் உஸ்மான்.

மூன்றாவது ஆள் ஜீவிதா, சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவளுடைய ஆள் கொற்றி, வாள் சண்டைக்காரி; ஆறு வருஷமாக வரிசையில் முதல் ஆள். குடைமாயனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் கொற்றியின் முதுகில்தான் விழுந்தது. ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குகைக்குள் கூரை சரிந்து கொற்றி மாட்டிக்கொண்டாள். குடைமாயன் பக்கத்திலேயே நின்றான். கையை நீட்டி ஓலையைப் படித்திருந்தால் போதும்.

"மொஹ்சின் அண்ணா, ஓலை" என்றாள் ஜீவிதா.

மொஹ்சின் மனசுக்குள் கணக்குப் போட்டான். கடைசியில் வரவேண்டிய பெரிய எதிரி பூதராஜனே இன்னும் வரவில்லையே! கொற்றிக்கு இன்னொரு டைஸ் வாய்ப்பு இருக்கிறது, அதில் பிழைத்தாலும் பிழைப்பாள்.

"இந்த ரவுண்டு வேணாம். அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்" என்றான்.

ஜீவிதா உருட்டினாள். டைஸில் ஒன்று விழுந்தது. அடுத்த ரவுண்டு கொற்றிக்கு வரவே இல்லை.

ஜீவிதா சண்டை போடவில்லை. டைஸ்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். "நீங்க அத என்னிக்குமே எடுக்க மாட்டீங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்ற ஆஃபியாவிடம் வருகிறேன் அண்ணி என்று சொல்லிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் மொஹ்சின் அனுப்பிய எந்த மெசேஜுக்கும் பதில் போடவில்லை.

ஆஃபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு நாளும் அந்த ஆட்டம் ஆடியதில்லை. ஆனால் அடுப்படிக்கும் மேசைக்கும் நடுவில் கதவு இல்லாததால் ஆறு வருஷக் கதையும் அவளுக்கு அத்துப்படி. அப்போது அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. இதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, கைக்கு வராமலே போய்விட்டன. மொஹ்சினின் பயத்தை இதுவரை கேலி செய்தேனே, இந்த ஒரு பயத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. தூங்குகிறவளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவன் காலையில் கடைக்குப் போவான்.

முறைப்படி அவள் படப்பையில் அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும். மாமி ஜஹீரா இரண்டு தடவை ஆட்டோ கொண்டுவந்து கூப்பிட்டார். மொஹ்சின் அனுப்பவில்லை. படப்பையிலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வர நேரமாகும், வழியில் பாலம் இருக்கிறது, லாரிகள் அதிகம் என்று கணக்குச் சொன்னான். வீடு தரைத்தளம், படி ஏற வேண்டியதில்லை, அதுதான் நல்லது என்றான். "உன் கணக்குல நெருப்ப வைக்க" என்று சொல்லிவிட்டு மாமி திரும்பிப் போனார்.

அந்த வாரம் புதன்கிழமை மழை பிடித்தது. முடிச்சூரில் மழை பெய்தால் யாரும் ஜன்னலோரம் டீ குடித்து ரசிக்கமாட்டார்கள். வாசலில் வந்து நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெருவெள்ளத்து வருஷத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரும் சொல்லும். வியாழக்கிழமை காலை கேட் வரை வந்துவிட்டது. ஏரி நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தது.

அப்போதுதான் மாரியின் டிப்பர் லாரி தெருவுக்குள் வந்தது. மாரி பக்கத்துத் தெருக்காரர், எம்சாண்ட் லோடு அடிப்பவர். மணல் ஏற்றுகிற தொட்டிக்குள் தெருக்காரர்கள் பாதிப் பேர் குடையும் மூட்டையுமாக நின்றார்கள். மொஹ்சின் கட்டடத்து இரண்டாவது மாடி அருள்மேரி அக்காவும் அதில் ஏறிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் நின்னுகினு கீற? தண்ணி வந்துகினே கீது. அண்ணிய இட்டுக்கினு வா, முன்னாடி சீட்டு காலியா கீது. ஆஸ்பத்திரியாண்டயே வுட்டுர்றேன்" என்றார் மாரி.

மொஹ்சின் ஆஃபியாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிப் பையைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

இங்கேதான் அவன் மூளை ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்த்தது. வலி இன்னும் வரவில்லை. டாக்டர் சொன்ன நாளும் வரவில்லை. இப்போது லாரியில் குலுங்கிப் போனால் குலுக்கலிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? ஆஸ்பத்திரியில் இடமில்லை, வலி வந்த பிறகு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டால்? அப்புறம் நிஜமாகவே வலி வரும்போது கையில் லாரி இருக்காதே! இருக்கிற ஒரே வண்டியை இப்போதே எடுத்துவிட்டால் பெரிசு வரும்போது என்ன செய்வது?

"இப்ப வேணாம் மாரி. வலி வந்தா போன் பண்றேன், அப்ப வாங்க" என்றான்.

"அப்பால வர முடியுமா முடியாதானு எனக்கே தெரியாது பாய்."

"பாத்துக்கலாம்."

ஆஃபியா பையைக் கீழே வைத்தாள். அருள்மேரி அக்கா கீழே குனிந்து அவள் கையில் ஒரு சாவியைத் திணித்தார். "மேல என் வூட்ல போய் இருந்துக்கோ கண்ணு. கேஸ் கீது, அரிசி கீது" என்றார். லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அது முனை திரும்பிய பிறகுதான் தெரு எவ்வளவு காலியாகிவிட்டது என்று மொஹ்சினுக்கு உறைத்தது. அந்தக் கட்டடத்திலேயே இப்போது அவர்கள் இரண்டு பேர்தான்.

மதியத் தொழுகை நேரத்துக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆஃபியாவை ஒவ்வொரு படியாக ஏற்றி இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோனான். எந்தப் படியை மிதிக்கக்கூடாது என்று தரைத்தளத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டானோ, அத்தனை படியையும் அவள் மூச்சு வாங்க ஏறினாள். மேலே போய் உட்கார்ந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மொஹ்சின் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"வலியா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

மாரிக்கு போன் போட்டான். "பாய், படப்பையாண்ட ஆளுங்கள இறக்கி வுட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள பாலத்துக்கு மேல தண்ணி போவுது. போலீசு வண்டிய வுட மாட்றான். நான் இந்தாண்ட மாட்டிக்கினேன். நான் அப்பவே சொன்னேனே பாய்" என்றார் மாரி. திட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். ஆம்புலன்ஸுக்குப் போட்டான். மெயின் ரோடு வரைக்கும்தான் வர முடியும், அதற்கும் நேரமாகும் என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தான். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. காலையில் இருந்த தெரு இப்போது இல்லை, பழுப்பாக ஓடுகிற தண்ணீர்தான் இருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது. கை கால் ஓடாமல் அறைக்குள்ளேயே சுற்றினான். டார்ச்சை எடுத்தான், வைத்தான். பவர் பேங்கை எண்ணினான். அத்தனையும் இருந்தது. ஒன்றும் உதவாது.

ஆஃபியா வலி விட்டிருந்த நேரத்தில் சுவரில் சாய்ந்தபடி அவனைப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"கொற்றிக்குப் பண்ணத எனக்கும் பண்ணிட்டீங்கள்ல?"

மொஹ்சின் பேயறைந்தவன் போல நின்றான். எட்டு வருஷக் கல்யாணத்தில் அவள் அவனை ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"அழுவறதுக்கு நேரமில்ல. அண்ணனுக்குப் பண்ணுங்க. ஜீவிதாவுக்குப் பண்ணுங்க" என்றாள்.

உஸ்மான் போனை எடுக்கவில்லை. ஜீவிதாவின் பெயரை அழுத்த அவன் விரல் கூசியது. நாலு நாளாகப் பதில் போடாதவளிடம் இப்போது எந்த முகத்தோடு கேட்பது? அந்த நேரத்திலும் ஒரு மனசு, கொஞ்சம் பொறு, உஸ்மான் எடுப்பான், இவளைக் கடைசிக்கு வைத்துக்கொள் என்றது. ஆஃபியா மறுபடி இடுப்பைப் பிடித்தாள். அவன் அழுத்திவிட்டான்.

ஜீவிதா முதல் மணியிலேயே எடுத்தாள். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டாள்.

அவளே உஸ்மானின் கடைக்குப் போய் அவனை டைல்ஸ் வண்டியோடு கிளப்பிக்கொண்டு வந்தாள். மெயின் ரோட்டு மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். பள்ளம் தெரியாமல் உஸ்மான் ஒரு தடவை கழுத்து வரை உள்ளே போய், ஜீவிதா சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மாடிக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் பல் தந்தியடித்தது. ஜீவிதா அருள்மேரி அக்காவின் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, கால் நாலும் உறுதியா என்று அழுத்திப் பார்த்தாள்.

"நானும் உஸ்மான் அண்ணாவும் அண்ணிய இதுல தூக்கிக்கிறோம். ஆனா எங்களுக்குப் பள்ளம் தெரியல. கால்வாய்ப் பலகை எங்கெங்க இல்லன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க முன்னாடி நடங்க" என்றாள்.

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

மொஹ்சின் ஓரத்தில் கிடந்த குடையை எடுத்தான். படி இறங்கினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இடுப்பில் ஏறியதும் மூச்சே நின்றுவிடும் போல இருந்தது. அது சும்மா நிற்கிற தண்ணீர் இல்லை. காலைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தது. பின்னால் ஆஃபியாவின் முனகல் கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாக ஓடியது.

குடையை முன்னால் ஊன்றினான். தரை இருந்தது. ஒரு எட்டு. மறுபடி ஊன்றினான். கேட்டுக்கு வெளியே இடது பக்கம் ஒரு பலகை இல்லை, வலது பக்கம் ஒட்டிப் போனான். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தை விட்டுத் தள்ளி நடந்தான். கரண்ட் நிறுத்திவிட்டார்களா என்ற நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் கூசியது. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குடையை ஊன்றியபோது அது தரையில் படவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிடிவரைக்கும் போய்விட்டது. கால்வாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. இன்னும் அரை எட்டு வைத்திருந்தால் அவன் உள்ளே, அவனுக்குப் பின்னால் நாற்காலியும் உள்ளே.

"நில்லுங்க" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

எல்லோரும் நின்றார்கள். அவனால் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. அப்படியே நின்றுவிடலாம், யாராவது வருவார்கள், படகு வரும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பாழாய்ப் போன புத்தி மறுபடியும் சொன்னது.

"மச்சான், கை கழண்டுரும் போலக் கீது. எந்தப் பக்கம்?" என்றான் உஸ்மான்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றான் மொஹ்சின்.

"எங்களுக்கு மட்டும் என்னவாம்? எந்தப் பக்கம்னு சொல்லு."

மொஹ்சின் கண்ணை மூடி, தினமும் நடக்கிற தெருவை நினைத்துப் பார்த்தான். வேப்பமரம் தாண்டி மூன்று பலகை கிடையாது. எதிர்ச்சாரியில் அயர்ன் வண்டி நிற்கிற இடத்தில் தரை கெட்டி. "வலது பக்கம். எம் பின்னாடியே வாங்க. நான் கால் வெச்ச எடத்துலயே வைங்க" என்றான். சொன்னால் சொன்னதுதான். நடந்தான்.

மெயின் ரோட்டு மேட்டில் காலில் தார் தட்டுப்பட்டபோது அவன் உட்கார்ந்தே விட்டான். ஆம்புலன்ஸ் வந்திருக்கவில்லை. ஆஃபியாவை டைல்ஸ் வண்டியில் அட்டைப்பெட்டிகளைப் பரப்பிப் படுக்க வைத்துத் தாம்பரத்துக்கு விரட்டினான் உஸ்மான். வழியெல்லாம் அவள் மொஹ்சினின் கையைப் பிடித்திருந்தாள். வலி வரும்போது நகம் பதிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று ஒரு டாக்டர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டே ஓடியது அவன் காதில் விழுந்தது. அந்தக் கதவுக்கு வெளியே இருந்த நேரத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அவனைக் கேட்டாலும் சொல்லமாட்டான். ஜீவிதா ஈரத் துணியோடு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள்.

"கொற்றி விஷயம்..." என்று ஆரம்பித்தான் மொஹ்சின்.

"கொற்றி செத்துட்டா அண்ணா. அது அதுதான். இப்ப அண்ணிக்கு துஆ கேளுங்க" என்றாள் ஜீவிதா.

இருட்டத் தொடங்கியபோது கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பச்சைத் துணிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஆஃபியா அட்டெண்டர் யாரு? பொம்பளப் புள்ள. அம்மா நல்லா இருக்காங்க. கொழந்த மூச்சு விட லேட்டாச்சு, ஐ.சி.யூ.வுல ரெண்டு நாள் வெச்சுப் பாக்கணும். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி வாங்கிப் பாத்துடுங்க" என்றார்.

மொஹ்சின் எழுந்தான். துணிக்குள் சிவந்த ஒரு முகம், கோபமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வராமல் போனது. கை வைத்தால் இதுவும் போய்விடுமோ என்று அவனுக்குத் தோன்றியது. தண்ணீரில் இருந்த பயமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் வாய் தானாகவே திறந்தது.

"இப்ப வேணாம் சிஸ்டர். கையெல்லாம் சேறா இருக்கு. ரெண்டு நாள் போவட்டும், நல்லாயிட்டப்புறம்..."

பாதியிலேயே அவன் குரல் அவன் காதில் விழுந்தது. பெஞ்சிலிருந்து ஜீவிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மொஹ்சின் சட்டையைக் கழற்றி, அதில் காய்ந்திருந்த ஓர் இடத்தைத் தேடிக் கையை அழுத்தித் துடைத்தான். நர்ஸ் எடுத்துக் கொடுத்த துண்டை முழங்கை மேல் விரித்துக்கொண்டான். "குடுங்க" என்றான். கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்குகிற கையிலேயே வாங்கிக்கொண்டான்.